ஜோசியப் பெட்டி

“ஒண்ணு அந்த எலிங்க இருக்கணும், இல்லை நான் இருக்கணும். இன்னிக்கே முடிவு பண்ணுங்க சார்!”

இயக்குநரின் அறையில் குதித்துக்கொண்டிருந்தார் கல்லுடைப்பார். எந்தப் பாறை எவ்வளவு பாரம் தாங்கும் என்று இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்க்கிறவர். அவருக்குப் பக்கத்து அறையில் எலிகளுக்கு என்னென்ன சத்தம் கேட்கும் என்று ஆராய்கிறவர் எலியம்மா. ஆராய்ச்சிக்கூடத்தில் அவர்களுக்கு அந்தப் பெயர்கள்தான். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று சும்மாவா சொன்னார்கள்?

“நாத்தம் தாங்கலை சார். கொஞ்ச நாளா என் மேஜையில பிஸ்கட்கூடக் காணாமப் போகுது!”

“உங்க பிஸ்கட்டை நான் தின்னேனா?” எதிரே நின்றிருந்த எலியம்மா பொரிந்தார். “சார், இவர் கல்லை நசுக்குறப்ப என் எலிங்க பயந்து சாகுது. கல் உடையறதுக்கு முன்னாடியே துள்ளுதுங்க. ஒண்ணு கூண்டைவிட்டே ஓடிப்போச்சு.”

“முன்னாடியேவா? எலி ஜோசியம் பாக்குதோ!” என்று நக்கலடித்தார் கல்லுடைப்பார்.

இயக்குநர் சிரித்துவிட்டார். எலியம்மாவின் முகம் சுருங்கியது. எலி அறை போனால் வேறு இடம் கிடையாது. அத்தனை வருஷ ஆராய்ச்சியும் அம்போ.

“ஜோசியத்துக்கு என் கருவி இருக்கு சார்,” என்றார் கல்லுடைப்பார். “பாறை உடையப் போறதை முன்கூட்டியே சொல்லும். சுரங்கத்துல எத்தனை உயிர் பிழைக்கும்! வந்து பாருங்க. பார்த்துட்டு அந்த அறையையும் எனக்கே குடுங்க.”

மூவரும் போனார்கள். இயந்திரத்தில் பாறைத் துண்டு. பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. அது லேசாக அதிர்ந்தாலும் மேலே சிவப்பு விளக்கு எரியும். ரெண்டு வருஷமாக எரியாமல் கழுத்தறுத்த விளக்கு, இப்போதுதான் வழிக்கு வந்திருந்தது.

பாரம் ஏறியது. விளக்கு எரிந்தது. அடுத்த மூச்சு விடுவதற்குள் டமார்! பாறை ரெண்டாகப் பிளந்தது.

“அபாரம்!” இயக்குநர் கைதட்டினார். “மன்னிச்சுக்குங்கம்மா. நாளைக்கே எலிங்களைக் காலி பண்ணிடுங்க.”

எலியம்மா குனிந்து பெட்டியில் காதை வைத்தார். ஒயர் நுழையும் ஓட்டையைப் பார்த்தார். அழப்போன முகத்தில் சிரிப்பு வந்தது.

“எல்லா எலியையும்தானே சார்?”

“ஒண்ணுகூட இருக்கக் கூடாது,” என்று முந்திக்கொண்டார் கல்லுடைப்பார்.

“அப்ப இந்தக் கருவியையும் நான்தான் கொண்டுபோகணும்.” மூடியைத் திறந்தார்.

உள்ளே, பிஸ்கட் தூளுக்கு நடுவில், ஓடிப்போன எலி நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

இயக்குநர் எலியைப் பார்த்தார்; கல்லுடைப்பாரைப் பார்த்தார்.

“என்ன சார்,” என்றார் இயக்குநர் மெதுவாக, “எலிங்களைக் காலி பண்ணிடலாமா?”

“சேச்சே, யார் சார் அப்படிச் சொன்னது?” கல்லுடைப்பார் சட்டைப் பையிலிருந்து அவசரமாக ஒரு பிஸ்கட்டை எடுத்து ஒடித்தார். “பாவம், கருவி காலையிலேருந்து இன்னும் சாப்பிடலை!”