நீல அட்டைக்காரர்

செல்லோக்காரர் தன் பெரிய வாத்தியப் பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு ஓட்டல் வராந்தாவில் ஓடுகிறார். எதிரில் வருபவர்களின் முகத்தை அவர் பார்ப்பதில்லை. கழுத்தில் தொங்கும் அட்டையின் நிறத்தைத்தான் பார்க்கிறார். வெள்ளை என்றால் வாசிப்பவர், கண்டுகொள்ளாமல் போகலாம். நீலம் என்றால் கச்சேரி ஏற்பாடு செய்பவர், பல்லைக் காட்ட வேண்டும். மூன்று நாள் இசை மாநாடு இன்னும் பத்து நிமிடத்தில் முடிகிறது. ஒரு கச்சேரியாவது கிடைக்காவிட்டால் அவருடைய நால்வர் குழு இன்றோடு கலைகிறது. லிஃப்ட் அருகே நீல அட்டை ஒன்று ஓசி பிஸ்கட்டைக் காபியில் நனைத்துக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றி மூன்று வெள்ளை அட்டைகள் இளிக்கின்றன. செல்லோக்காரர் பெட்டியாலேயே இடித்து வழி பண்ணிக்கொள்கிறார்.

"சார், நேத்து நாங்க வாசிச்சதைக் கேட்டீங்களா?"

"கேட்டேனே. பிரமாதம்."

நேற்று முன்வரிசையில் வாயைத் திறந்துகொண்டு தூங்கியவர்தான்.

"உங்க ஹால்ல ஒரே ஒரு சான்ஸ் குடுங்க சார்."

நீல அட்டை மீசையில் ஒட்டிய துகளைத் தட்டுகிறது. செல்லோக்காரரின் தோளில் கைபோட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகிறது. கோட்டுக்குள்ளிருந்து மடித்த பயோடேட்டா ஒன்றை எடுத்து நீட்டுகிறது.

"ஹாலைப் போன மாசமே கார் ஷோரூமாக்கிட்டாங்க தம்பி. உங்க குழுவுக்கு மேனேஜர் யாராச்சும் வேணுமா?"