ஐந்து முறை முதல் பாடம்

கோடையில் வற்றிவிடும் ஒரு குளத்தில் தாயில்லாத நாரைக் குஞ்சுகள் ஏழு இருந்தன. தண்ணீர் தீர்வதற்குள் அவை பறக்கக் கற்றாக வேண்டும்.

அவற்றுக்குச் சேவை செய்யக் கடல் கடந்து மாணவ வாத்துகள் கூட்டம் கூட்டமாக வந்தன. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒன்பது நாள் விடுமுறை. வரவேற்புக்கு இரண்டு நாள், குளத்தைச் சுற்றிப் பார்க்க நான்கு, பாடத்துக்கு ஒன்று, பிரிவு விழாவுக்கு இரண்டு. பாடம் எப்போதும் சிறகை விரிப்பதுதான்.

ஐந்தாவது கூட்டம் வந்தபோது தண்ணீர் குஞ்சுகளின் முழங்காலுக்குக்கூட எட்டவில்லை. ஏழாம் நாள் தலைமை வாத்து தொண்டையைச் செருமிக்கொண்டு, "செல்லங்களே, இன்று சிறகை விரிக்கக் கற்போம்" என்றது.

மூத்த குஞ்சு, "அக்கா, அதை நாலு தடவை படித்துவிட்டோம். மேலே எழும்புவது எப்படி என்று சொல்லுங்களேன்" என்றது.

"பார்த்தீர்களா, என்ன ஆர்வம்" என்று வாத்து தன் தோழிகளிடம் கண் கலங்கியது. பிறகு குஞ்சிடம், "அது அடுத்து வருகிறவர்களின் பாடம், கண்ணு. நீ சிறகை விரித்துக்கொண்டு என் பக்கத்தில் நில். தண்ணீரில் நாம் சேர்ந்து தெரிவோம்" என்றது.

ஒன்பதாம் நாள் குஞ்சுகள் பாடின, வாத்துகள் அழுதன. "உண்மையில் கற்றுக்கொண்டது நாங்கள்தான்" என்று ஒவ்வொன்றும் சொல்லிவிட்டுப் பறந்தது.

ஆறாவது கூட்டம் வரவில்லை. தண்ணீர் இல்லாத குளத்துக்கு வாத்துகள் வருவதில்லை. குஞ்சுகள் ஏழும் சிறகை அழகாக விரித்தபடி அடுத்த குளத்துக்கு நடந்தே கிளம்பின.

போய்ச் சேர்ந்தவை மூன்று.