ஏகாம்பரம் கேட்ட குரல்

"கோச்சிக்காதண்ணா. நீ பாட ஆரம்பிச்சா பாதி ஜனம் எழுந்து பூடுது. இனிமே நீ கிடார் மட்டும் வாசி, பாட்ட பிரவீன் பாடட்டும்" என்றான் டிரம்ஸ் சேகர்.

மோசஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அமெரிக்காவின் பழைய சோல், ஃபங்க் பாட்டுகளைக் கேசட் தேயத் தேயக் கேட்டு, பெல்பாட்டம் தைத்துக்கொண்டு, உத்திரமேரூரில் இந்தக் குழுவை ஆரம்பித்ததே அவர்தான். ஆனால் மற்றவர்களும் தலையைக் குனிந்துகொண்டு சேகர் பக்கமே நின்றார்கள். மோசஸ் மைக்கைப் பிரவீனிடம் கொடுத்தார்.

பிரவீன் தேனாகப் பாடினான். அதுதான் மோசஸுக்கு இன்னும் எரிந்தது.

நான்காம் நாள் சாயங்காலம், ஒத்திகைக்காகத் தன் நிலத்து மோட்டார் கொட்டகையை வாடகை வாங்காமல் விட்டிருந்த விவசாயி ஏகாம்பரம், வரப்பில் விறுவிறுவென்று வந்தார்.

"இன்னாபா, மோசஸ் குரலையே காணோம்?"

"இனிமே இவன்தான் பாடுவான் நைனா" என்றான் சேகர்.

"அதெல்லாம் ஆவாது! மோசஸ் பாடறதா இருந்தா கொட்டாய்ல இருங்க. இல்லன்னா மூட்டையக் கட்டுங்க."

மோசஸுக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருஷத்தில் கிடைத்த முதல் ரசிகர்! பிரவீனிடமிருந்து மைக்கை வாங்கிக்கொண்டு, சேகரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்தப் பாட்டு பாடட்டும் நைனா?"

"எதுனா பாடு. ஸ்பீக்கர மட்டும் வேர்க்கடலைக் கொல்லை பக்கம் திருப்பி வச்சிக்கினு பாடு. நீ வாய மூடின மூணே நாள்ல, காட்டுப்பன்னிங்க அரை காணிய உழுதுட்டுப் பூட்ச்சிங்க!"