டெல்மருக்கு ஒரு முழுப் பகல்

"டெல்மர் ஸ்டாம்பர் போய்ச் சேர்ந்துட்டாராம் சார். இப்பதான் போன் வந்தது," என்றாள் வெர்னா. கண் கலங்கியிருந்தது. ஆனால் அந்த நாட்டுப்புறப் பாடகரின் பதினொரு ஆல்பங்களும் அதற்குள் அவள் கையில் தயாராக இருந்தன.

கிளேட்டன் காபியைக் கீழே வைத்தார். கென்டக்கி மலைக்குள் இருந்த அந்தச் சின்ன வானொலி நிலையம் அவருடையது; அதில் பாட்டுப் போடுகிறவள் வெர்னா. அப்பா காலத்திலிருந்து அங்கே ஒரு வழக்கம் உண்டு. உள்ளூர்ப் பாடகர் உயிரோடு இருக்கும்வரை தினம் ஒரு பாட்டு. இறந்துவிட்டால் ஒரு முழுப் பகல். முதல் ஆல்பம் தொடங்கிக் கடைசி ஆல்பம்வரை, வரிசை மாறாமல்.

"யார் சொன்னது?"

"அவரோட சித்தப்பா பையனாம், எல்பர்ட்டுன்னு பேரு. அழுது அழுது தொண்டையே கட்டிப்போயிருக்கு சார்."

டெல்மரின் வீட்டுக்கும் அவள் போன் செய்து பார்த்திருந்தாள். லைன் பிஸியாகவே இருந்தது. துக்கம் விசாரிக்கிறவர்கள் விட்டால்தானே என்றார் கிளேட்டன்.

அவருக்கு இதில் பெரிய இஷ்டமில்லை. டெல்மரை இந்தக் காலத்தில் யார் கேட்கிறார்கள் என்று மூன்று வருடமாக வெர்னாவிடம் சொல்லிவருகிறவர். வழக்கத்தை மீறவும் மனம் வரவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். மதியத்துக்குள் பத்துப் பேராவது போன் செய்யவேண்டும். இல்லையென்றால் டெல்மரை நிறுத்திவிடுவார். வெர்னாவும் நாளை முதல் பாட்டுப் பக்கமே வராமல் பன்றிச் சந்தை நிலவரம் வாசிக்கவேண்டியதுதான்.

ஒன்பது மணிக்கு முதல் ஆல்பம் சுழன்றது. ஒரு தேவாலயத்தின் கீழ் அறையில் பதிவானது அது. மூன்றாம் பாட்டின் நடுவே ஒரு சேவல் கூவும். அந்தச் சேவலுக்காகவே ஆல்பத்தை வாங்கியவர்கள் உண்டு என்று வெர்னா மைக்கில் சொன்னாள்.

உடனே போன் அடித்தது. எல்பர்ட்தான்.

"கண்ணு, அது சேவல் இல்ல. பாஞ்சோ வாசிச்ச லெஸ்டர் தும்மினான். டெல்மர் சாகுறவரைக்கும் அதை யார்கிட்டயும் சொல்லல."

வெர்னா அதை அப்படியே ஒலிபரப்பிவிட்டாள். அதன்பிறகு போன் ஓயவில்லை. சேவல்தான் என்று ஆறு பேர் சத்தியம் செய்தார்கள். தும்மல்தான் என்று நான்கு பேர். லெஸ்டரின் மனைவி கூப்பிட்டு, நாற்பது வருடம் பக்கத்தில் படுத்துக் கேட்ட தும்மல் தனக்குத் தெரியாதா என்று கேட்டாள். மணி பத்துகூட ஆகவில்லை. கிளேட்டன் பன்றிச் சந்தையைப் பற்றி அதன்பிறகு பேசவே இல்லை.

இரண்டாவது ஆல்பத்தின் அட்டையில் டெல்மர் பக்கத்தில் ஒரு குதிரை நிற்கும். அது தங்கள் வீட்டுக் குதிரை என்று மூன்று குடும்பங்கள் உரிமை கொண்டாடின.

ஐந்தாவது ஆல்பத்தில்தான் வம்பு வந்தது. நகரத்துக்குப் போய், இருபது வயலின்காரர்களை உட்காரவைத்து டெல்மர் செய்தது அது. ஊர் அதை மன்னித்ததே இல்லை. இதை மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நேயர்களிடம் வெர்னா நாசூக்காகத்தான் சொன்னாள்.

"எதைப் பொறுத்துக்கணும்?" எல்பர்ட்டின் குரல் போனைத் தாண்டி வந்தது. "காது இருக்கிறவங்க கேக்கட்டும். இல்லாதவங்க எழுந்து மாடு கறக்கப் போகட்டும். ரெண்டாம் பக்கத்தை ரெண்டு தடவை போடு கண்ணு."

இரண்டு தடவை போட்டார்கள். இதுவல்லவா ரத்தபாசம் என்று கிளேட்டன் மூக்கைச் சிந்தினார்.

மதியத்துக்குமேல் நிலையம் கல்யாண வீடு போல ஆகிவிட்டது. விவாகரத்து வாங்கிப் பிரிந்த ஒரு தம்பதி, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், ஏழாவது ஆல்பத்திலிருந்து ஒரே பாட்டைப் போடச்சொல்லிக் கேட்டார்கள். எட்டாவது ஆல்பத்தைக் கண்டித்து ஒருகாலத்தில் பிரசங்கம் செய்த பாதிரியார், தன்னிடமும் அது ஒன்று இருப்பதாக ஒப்புக்கொண்டார். ஒன்பதாவதைக் கிளேட்டனே உறையிலிருந்து எடுத்துத் துடைத்துத் தந்தார். பத்தாவதுக்குச் சேர்ந்து பாடினார், சுதி சேரவில்லை. பிறகு மைக்கைப் பிடுங்கி, "இந்த மனுஷனைக் கண்டுக்காம விட்டது என் தப்பு," என்று ஊரறியச் சொன்னார்.

அதை இன்னொரு தடவை சொல்லச் சொல் என்று எல்பர்ட் விம்மலோடு கூப்பிட்டார். கிளேட்டன் சொன்னார்.

நாலரை மணி. பதினொன்றாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது மறுபடி போன். இந்தமுறை பெண் குரல். டெல்மரின் மனைவி ஓப்பல்.

கிளேட்டன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். வெர்னா தொண்டையைச் செருமி, ஊரே உங்கள் துக்கத்தில் பங்கெடுக்கிறது என்று ஆரம்பித்து, எல்பர்ட் போன் செய்தது முதல் சொல்லவேண்டியதையெல்லாம் சொன்னாள். அந்த அம்மாள் முழுக்கக் கேட்டாள்.

"இருக்கட்டும்மா. அக்கா வீட்டுக்குப் போய்ட்டு இப்பதான் வந்தேன். துக்கத்துக்குன்னு ஊர் ஜனம் கொண்டுவந்து வச்ச சாப்பாடு, வாசல்ல பத்தொம்பது பாத்திரம் இருக்கு. இப்ப பக்கத்து வீட்டுல இருந்து பேசுறேன். எங்க வீட்டு போனைத்தான் எம்புருஷன் ரூமுக்குள்ள எடுத்துட்டுப் போய்ப் பூட்டிக்கிட்டாரே. அந்த எல்பர்ட்டு மறுபடி கூப்பிட்டார்னா, செத்தது போதும், வெளிய வந்து பாத்திரத்தையெல்லாம் கழுவி, வீடு வீடா அவரையே திருப்பிக் குடுக்கச் சொல்லு."