அனுப்புபவர்: ஏழாம் லயம்

"செடி அருமையா வந்திருக்கு எஸ்தர். ஒரு இலைகூட ஒடியல. ஆனா, பெட்டிமேல எழுதியிருக்கிற அட்ரஸ்தான்..."

கொழும்பிலிருந்து பேசிய மிஸஸ் செல்வநாயகம் அதோடு இழுத்து நிறுத்தினார்.

"அட்ரஸுக்கு என்ன மேடம்?"

"தோட்டத்துப் பேரோட ஏழாம் லயம், கீழ்ப்பிரிவுன்னு போட்டிருக்கு. கீழ இருக்கிற வாச்மேன் அதைச் சத்தமா வாசிக்கிறான். எங்க ஃபிளாட்ல எல்லாரும் கௌரவமான ஆட்கள். அடுத்த முறை கேகாலை டவுன்ல ஒரு கடை அட்ரஸ் போட்டு அனுப்புங்க. என் மகள் புது வீட்டுக்குப் போறா. இருபத்தஞ்சு அந்தூரியம் வேணும்."

இருபத்தைந்து! செடி விற்கத் தொடங்கி ஒரு வருஷத்தில் நாலுக்கு மேல் யாரும் கேட்டதில்லை. ஆனாலும் எஸ்தருக்கு வாய் அடங்கவில்லை.

"எங்க லயத்து அட்ரஸ் இல்லாம அனுப்ப மாட்டேன் மேடம். பிடிக்கலன்னா வேற யார்கிட்டயாச்சும் வாங்கிக்குங்க."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. பத்து நிமிஷத்தில் மெசேஜ் வந்தது. 'இருபத்தஞ்சும் அனுப்புங்க. அட்ரஸ் நான் சொன்ன மாதிரி.'

றப்பர் பால் வெட்டிவிட்டு வந்த அவள் புருஷன் ஸ்ரான்லி கதையைக் கேட்டுக் கொதித்துப் போனான்.

"ஒனக்குக் கொழுப்பு எஸ்தர்! அவங்க கேக்கிற மாதிரி ஒரு கடைப் பேரை எழுதிட்டுப் போயேன். அட்ரஸ்ல என்ன இருக்கு?"

"என்ன இருக்கா? டீச்சர் வேலைக்கு எனக்கு வந்த இன்டர்வியூ கடிதம் என்னாச்சுன்னு மறந்துட்டீங்களா?"

அவன் மறக்கவில்லை. அப்போதெல்லாம் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தோட்டத் தொழிலாளர்களுக்கு வரும் கடிதம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் போகும். அந்தக் கடிதம் அங்கே பன்னிரண்டு நாள் கிடந்தது. கைக்கு வந்தபோது இன்டர்வியூ முடிந்திருந்தது. அதன் பிறகுதான் எஸ்தர் லயத்துக்குத் தனி அட்ரஸ் கேட்டு மனுவைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கினாள். இப்போது தபால்காரர் ஏழாம் லயத்து வாசலுக்கே வந்து பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

"ரெண்டு வருஷம் அலைஞ்சு வாங்குன அட்ரஸ். அந்தப் பொம்பளைக்காக அதை மறைக்கணுமா?"

"அந்தம்மா கோவத்துல பெட்டியத் திருப்பி அனுப்பிட்டா? தொட்டியிலருந்து எடுத்த செடி, போய்த் திரும்பி வர்றதுக்குள்ள செத்துப் போயிரும்."

"சாகட்டும். நாங்க என்ன திருடியா விக்கிறோம்?"

வாய் அப்படிச் சொன்னதே தவிர, கை ஒரு செடியையும் சாக விடுவதாக இல்லை.

சனிக்கிழமை சாயங்காலமே செடிகளுக்குத் தண்ணீர் விட்டாள். கட்டுகிற அன்று விட்டால் ஈரம் தங்கி வேர் அழுகிவிடும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்து, ஒவ்வொன்றாகத் தொட்டியிலிருந்து எடுத்தாள். வேரைச் சுற்றி ஈரமான தேங்காய்த் தும்புத்தூள், அதன்மேல் பேப்பர், அதன்மேல் பொலித்தீன். இலையில் மட்டும் ஒரு சொட்டு ஈரம் இல்லை. பூக்களைத் தனித்தனியாக மெல்லிய தாளில் சுருட்டினாள். பெட்டிக்குள் செடி ஆடாமலிருக்க, காய்ந்த றப்பர் இலைகளை இடுக்கெல்லாம் அடைத்தாள். காற்றுப் போகப் பக்கவாட்டில் ஓட்டை போட்டாள்.

மூன்று பெட்டி. மூன்றிலும் தடித்த மார்க்கரால், லயத்து அட்ரஸைத் தமிழிலும் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் எழுதினாள். போன தடவையைவிட இரண்டு மடங்கு பெரிய எழுத்து.

திங்கட்கிழமை காலை தெஹியோவிட்ட தபால் கந்தோரில் பெட்டியை நிறுக்க வாங்கிய சிங்கள மஹத்தயா சிரித்துவிட்டார்.

"நங்கி, லிபினய லொக்குய் நே!"

முகவரி பெரிதாக இருக்கிறதாம்.

"ஒவ் மஹத்தயா, பேன்ன ஓனே." தெரியத்தானே வேணும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

செவ்வாய்க்கிழமை போன் வரவில்லை. புதன்கிழமை பகலும் வரவில்லை. ஸ்ரான்லி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு திரிந்தான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அன்று சாயங்காலம் மிஸஸ் செல்வநாயகத்தின் நம்பரிலிருந்து போன் அடித்தது. எஸ்தர் அவரைப் பேசவே விடவில்லை.

"மேடம், செடியில குறை இருந்தா சொல்லுங்க, வேற அனுப்புறேன். அட்ரஸப் பத்திப் பேசறதா இருந்தா போனை வச்சிருவேன்!"

"இருபத்தஞ்சும் நல்லா இருக்கு."

"அப்புறம் என்ன மேடம்?"

"வாச்மேன் பெட்டியத் தூக்கிட்டு வந்து, 'இந்தத் தோட்டம் எங்க மேடம் இருக்கு'ன்னு கேட்டான். எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன். சொன்னதுலருந்து சோறு எறங்கல."

எஸ்தர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்தக் குரலில் இருந்த கொழும்பு மிடுக்கைக் காணவில்லை. பேச்சே வேறாக இருந்தது.

"கொழும்புல அந்தூரியம் கெடைக்காதா? ஒங்க தோட்டத்துப் பேரைப் பாத்துத்தான் ஒங்ககிட்ட வாங்குனேன்."

"மேடம்..."

"ஏழாம் லயத்துக் கடைசிக் காம்பராவுல இப்ப யாரு இருக்காங்க புள்ள? நான் பொறந்தது அதுலதான்."