ஒன்பது விநாடி

“ஆறு மணி நேரமா? நாளைக்கு வர்றவங்க முன்னாடி என் மானத்தை வாங்கிடுவே போலிருக்கே” என்றார் இயக்குநர்.

காணாமல்போனோர் படக் காப்பகத்தின் கணினிப் பொறியாளர் தலைகுனிந்து நின்றாள். போன மாதம்வரை பத்தொன்பது மணி நேரம். இங்கிருக்கும் நாற்பதாயிரம் படங்களை எல்லைச் சாவடிக் கணினியிலும் அப்படியே ஏற்றுவதுதான் வேலை. ஒரே படத்தை வயது, ஊர், நாள் என்று மூன்று கணினிப் பெட்டியில் பெயர் போட்டு வைத்திருந்தார்கள். படம் ஒன்று, பெயர் மூன்று. பழைய நிரலுக்கு அது தெரியாது. மூன்று தடவை அனுப்பும். படத்தை ஒருமுறை அனுப்பு, மற்ற பெயர்களைச் சொல்லிவிடு என்று இவள்தான் அதற்குக் கற்றுக்கொடுத்து, ஆறாகக் குறைத்தாள்.

“அப்போ, ஒண்ணுக்குப் பல பேர் இருந்தா வேகம். அவ்வளவுதானே?”

“ஆமா சார். ஆனா...”

ஆனாவை அவள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று சொல்லி, கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு அவரே உட்கார்ந்துவிட்டார்.

வெளியே பெஞ்சில் ஓர் அம்மா. அவள் மகன் காணாமல் போய் எட்டு மாதம். அவனுக்கு இருந்தது ஒரே ஒரு படம். அதைக் கணினியில் ஏற்றிவிட்டு, விதிப்படி தாளைக் கிழித்துப் போட்டிருந்தார்கள். எல்லைச் சாவடியில் முந்நூறு பேர், பேர் சொல்லத் தெரியாதவர்கள். படத்தோடு முகம் பொருந்தினால் வீடு. இல்லையென்றால் நாளை மதியம் எல்லைக்கு அப்பால்.

இன்றைக்கே அனுப்பிவிடலாமே என்று பொறியாளர் கெஞ்சிப் பார்த்தாள். அப்புறம் விழாவில் எதை அனுப்புவதாம் என்று கேட்டார் இயக்குநர்.

மறுநாள் காலை, ஒலிபெருக்கி, மேடை, முன்வரிசையில் பெரிய மனிதர்கள். இயக்குநர் பொத்தானை அழுத்தினார். ஒன்பதே விநாடி. கைதட்டலில் கூரை அதிர்ந்தது. அந்த அம்மாவும் தட்டினாள்.

எப்படிச் சாதித்தீர்கள் என்று ஒருவர் கேட்டார்.

“சின்ன விஷயம். எந்தப் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே ‘படம்’னுதான் பேர் போட்டிருந்தது. ஒரே பேருக்கு எதுக்கு நாற்பதாயிரம்? முதல்ல இருந்ததை வெச்சுக்கிட்டு, மத்த எல்லாத்தையும் அழிச்சுட்டு, அந்தப் பெட்டிகளை இதோட கட்டிட்டேன்.”



மதியம் சாவடியிலிருந்து தொலைபேசி வந்தது. பாராட்டை ஊரே கேட்கட்டும் என்று இயக்குநர் அதை ஒலிபெருக்கியில் விட்டார். அம்மா எழுந்து மேடையருகே வந்தாள்.

“வந்து சேர்ந்தது சார்” என்றது குரல். “நாற்பதாயிரத்துலயும் நீங்கதான் இருக்கீங்க. காப்பகம் திறந்த அன்னைக்கு முதல்ல ஏத்திப் பார்த்த படம் போல, கழுத்துல மாலையோட. முந்நூறு பேரையும் நிறுத்தி வெச்சு ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒருத்தருக்கும் உங்க சாயல் இல்லை. எல்லாரையும் அனுப்பிட்டோம்.”