அடுத்த வரி

வகுப்பில் வாயே திறக்காத செவ்வந்தி, மாணவர்கள் எல்லோரும் இணையத்தில் ஒன்றாகப் படித்துக் குறிப்பெழுதும் கதையில் ஒரு வரிக்கு மஞ்சள் பூசியிருந்தாள்: 'அப்பா அவளை உள்ளே வைத்துக் கதவை வெளியிலிருந்து பூட்டினார்.' ஓரத்தில் எழுதியிருந்தாள்: 'எங்க வீட்லயும் இப்படித்தான் மேடம்.'

பேராசிரியை பூங்கோதைக்கு முதலில் சந்தோஷம்தான். குறிப்பெழுதினால் ஐந்து மதிப்பெண் என்று ஆசை காட்டியது அவள்தானே. பிறகுதான் அவள் எழுதியிருந்தது உறைத்தது. அவசரத்தில், 'எப்பலேர்ந்தும்மா? பயப்படாம சொல்லு' என்று அதன் கீழேயே கேட்டுவிட்டாள்.

உடனே செவ்வந்தியின் பெயரிலேயே பதில் வந்தது. 'இது என் போன். நான் அவ அப்பா. வேற என்ன தெரியணும்?'

பூங்கோதை தன் கேள்வியை அழிப்பதற்குள் செவ்வந்தியின் குறிப்பு காணாமல் போனது. மஞ்சளும் போனது. பிறகு, பூங்கோதை பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதே மஞ்சள் கதையின் அடுத்த வரிமேல் மெல்ல ஊர்ந்தது.

'மறுநாள் அவள் வகுப்புக்கு வரவில்லை.'